வெளாவின தண்ணி

1. ஏழு பிள்ளைகள்

அந்தத் திங்கட்கிழமை எங்கள் பிள்ளைக் காம்பராவுக்குப் பதினெட்டுப் பிள்ளைகள் வரவேண்டும். பதினொரு பிள்ளைகள்தான் வந்தன. மழை நாளில் இரண்டு மூன்று குறைவது வழக்கம். ஏழு குறைந்தால் அதற்கு மழை காரணமில்லை.

வாசலிலேயே நின்று ஒவ்வொரு தாயிடமும் விசாரித்தேன். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. காலையில் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பது என்று பிரித்து அனுப்புகிற இடம்தான் பெரட்டு. பிந்திப் போனால் கணக்கப்பிள்ளையிடம் பேச்சு வாங்க வேண்டும். அதனால் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வந்த எல்லாரும் நடந்துகொண்டேதான் பதில் சொன்னார்கள்.

"மேல் லயத்துல மூணு பிள்ளைகளுக்கு வயித்தோட்டம்க்கா. ராவெல்லாம் தூங்கலையாம்."

"எங்க வீட்டுல இவளுக்கு ஒன்னுமில்ல. மாமியாருக்குத்தான் போய்க்கிட்டே இருக்கு."

ராஜம்மா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "வராத ஏழும் காம்பராவுல கஞ்சி குடிக்கிற பிள்ளைகதான். தாய்ப்பால் மட்டும் குடிக்கிறதுல ஒன்னுகூட இல்ல. எண்ணிப் பாத்துக்கங்க."

பிள்ளைக் காம்பரா என்பது, கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். வாசல் பலகையில் நீளமான பெயர் ஒன்று எழுதியிருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. இருபத்தாறு வருடம் அங்கே கஞ்சி காய்ச்சினேன், பால் கரைத்தேன், பிள்ளைகளைக் கழுவி விட்டேன். என் பெயர் பிலோமினா. தோட்டத்தில் எல்லாருக்கும் பிலோக்கா. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஹட்டனில் நடந்த பயிற்சி வகுப்புகளில் மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள், நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

பயந்த சுபாவம் எனக்கு. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். பால்மா டின்னைத் திறந்ததும் மூன்று தரம் முகர்வேன். ஒரு பிள்ளை தும்மினால் மற்ற பிள்ளைகளின் நெற்றியையும் தொட்டுப் பார்ப்பேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குச் சோறு போடுகிற வேலைக்குப் பயந்தவர்கள்தான் சரி. தைரியசாலிகள் நேற்றைய பருப்புக் கறியைச் சுட வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ராஜம்மா சொன்னது நாள் முழுக்கக் குத்தியது. மனதுக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கஞ்சிக்கு அரிசி அன்றன்றைக்குக் கழுவுவது. மிஞ்சினால் கொட்டிவிடுவது. கோப்பைகளைக் கொதிதண்ணீரில் போட்டு எடுப்பது. கக்கூசுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் வந்தால், எனக்கும் பிள்ளைக்கும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது. தண்ணீர்? கொதிக்க வைக்காமல் ஒரு சொட்டுக்கூட யார் வாயிலும் நான் ஊற்றியதில்லை. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

2. தர்ஷி

அன்றைக்கே, பத்து மணிக் கஞ்சி முடிந்ததும் தர்ஷி என் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள். சரஸ்வதியின் மகள், இரண்டரை வயது. ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை அது. தானாக வந்து படுத்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்குள் மூன்று தரம் போய்விட்டது. தண்ணீராகப் போனது.

என்ன செய்யவேண்டுமென்று எனக்குத் தெரியும். ஒரு லீட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் ஜீவனி மாவைக் கரைத்தேன். வயிற்றோட்டத்தில் உடம்பிலிருந்து போகிற உப்பையும் தண்ணீரையும் திருப்பிக் கொடுப்பது அதுதான். வேகமாகக் கொடுத்தால் வாந்தி எடுத்துவிடும் என்று, கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். மலைக்கு ஆள் அனுப்பினேன்.

சரசு இடுப்பில் கட்டின சாக்குப் படங்கோடு, கொழுந்துக் கறை படிந்த கையோடு ஓடி வந்தாள்.

"என்னாக்கா குடுத்தீங்க?"

"எல்லாருக்கும் குடுத்த கஞ்சிதான் சரசு."

"எல்லாருக்குந்தானே வயித்தால போகுது?"

இன்னும் இரண்டு பாக்கெட் எடுத்துக் கொடுத்தேன். "ஒரு லீட்டருக்கு ஒன்னு. சுடுதண்ணியில கரைச்சு, கொஞ்சங்கொஞ்சமாக் குடு. போகப்போகக் குடுத்துக்கிட்டே இரு, நிறுத்தாத," என்றேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

செவ்வாய்க்கிழமை பகலில் மனது கேட்காமல், காம்பராவில் ஒரு ஆளை நிறுத்திவிட்டுச் சரசுவின் லயத்துக்குப் போனேன். தர்ஷி பாயில் கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. நாக்கு காய்ந்திருந்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து விட்டேன். பிடித்த மடிப்பு உடனே படியவில்லை.

"ஒன்னுக்குப் போனாளா?"

"காலைல போனது."

"அப்படின்னா கெளம்பு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஜீவனி குடிச்சிக்கிட்டுதானேக்கா இருக்கு? நீங்கதானே குடுக்கச் சொன்னீங்க?"

"குடிச்சும் இப்படி இருந்தா வீட்டுல வச்சிருக்கக் கூடாது. பிள்ளையத் தூக்கு, வா."

த்ரீவீலில் போகிற வழியெல்லாம் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். கூப்பிடுகிற குரலுக்குக் கண்ணைத் திறந்து பார்க்கிறாளா என்பதுதான் எனக்கு முக்கியம். ஆஸ்பத்திரியில் உடனே சேலைன் ஏற்றினார்கள். டாக்டர் இளம் வயதுக்காரர். ஊசி நரம்பில் ஏறிய பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னும் பிந்தியிருந்தா நெலம மோசமாயிருக்கும். ஜீவனி குடுத்தீங்களா? என்ன தண்ணியில கரைச்சீங்க?"

நானும் சரசுவும் ஒரே குரலில் சொன்னோம்: "சுடுதண்ணியில, சேர்."

அவர் எழுதிக்கொண்டார். நாங்கள் சொன்னது பொய்யில்லை. அவர் விளங்கிக்கொண்டதும் பிழையில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு அவர் வைத்திருந்த அர்த்தம் ஒன்று, நாங்கள் வைத்திருந்தது வேறு. அது அப்போது எனக்குத் தெரியாது.

3. "நான் பாக்கிறது"

புதன்கிழமை பி.எச்.ஐ. வந்தார். சுகாதாரப் பரிசோதகர். சிங்களவர். தோட்டங்களில் திரிந்து திரிந்தே தமிழ் பழகிக்கொண்டவர். கூடவே, தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கிற லிங்கமும் வந்தான்.

பி.எச்.ஐ. என் நகத்தைப் பார்த்தார். சவர்க்காரத்தைப் பார்த்தார். கோப்பைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"தண்ணி எப்படி?" என்றார்.

"கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறேன் சேர். இருவத்தாறு வருசமா."

"சொல்ல வேணாம். செய்ங்க. நான் பாக்கிறது."

செய்தேன். கேத்தலை அடுப்பில் வைத்தேன். நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகும் கொஞ்சம் விட்டேன். பிறகு சட்டியில் ஊற்றினேன். ஆவி முகத்தில் அடித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை தண்ணீர் கேட்டு அழுதது. என் இடது கை எப்போதும் போல ஜக்கை எடுத்தது, குழாயடி வாளியில் ஒரு ஜக் மொண்டது, சட்டியில் ஊற்றியது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். அளவான சூடு. கோப்பையில் ஊற்றி அவரிடம் பெருமையோடு நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"இப்ப ஊத்தினது என்ன?"

"ஒன்னுமில்ல சேர். வெளாவினேன்."

"வெளாவு கியன்னே மொக்கக்த?"

வெளாவு என்றால் என்ன என்று லிங்கத்தைப் பார்த்துக் கேட்டார். லிங்கத்துக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் தலையைச் சொறிந்தான். "அது வந்து சேர்... குளிக்கப் போறப்ப செய்வோமே..." என்று இழுத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கக்கா," என்று என் தலையில் போட்டான்.

"கொதிதண்ணி ரொம்பச் சூடா இருக்கும்ல சேர். அப்படியே குடுத்தா பிள்ளைக்கு வாய் வெந்துரும். அதுக்காக அதுல கொஞ்சம் பச்சத் தண்ணிய..."

அங்கே என் வாய் நின்றுவிட்டது.

பச்சத் தண்ணி. நானே சொன்ன சொல். இருபத்தாறு வருடமாக வெளாவியிருக்கிறேன். ஒரு நாளும் அதைப் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதாக நினைத்ததில்லை. எங்கள் குளிருக்கு யாரும் சில்லென்று தண்ணீர் குடிப்பதில்லை. குளிக்கவும் வெளாவுவோம், குடிக்கவும் வெளாவுவோம். வெளாவுவது என்றால் எங்களுக்குப் பதம் பார்ப்பது, சூட்டைத் தணிப்பது. அதனால்தான் எந்த லயத்தில் கேட்டாலும், "நாங்க சுடுதண்ணிதான் குடிக்கிறோம்," என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வார்கள். அது சுட்ட தண்ணீர்தான். ஆனால் அதில் பாதி கொதிக்காதது.

பி.எச்.ஐ. கத்தவில்லை. வாளியைக் காட்டி, "அது கொதிச்சதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

"அம்மே, கொதிச்ச தண்ணி வேலை முடிஞ்சது. அதில இருந்த கிருமி செத்தது. அதுக்குப் பிறகு நீங்க ஊத்துற தண்ணியில இருக்கிற கிருமியக் கொல்ல அதில சூடு பத்தாது."

அதற்குள் என் நினைப்பு ஜீவனிக்குப் போய்விட்டது. தர்ஷிக்குக் கரைத்ததும் இப்படி வெளாவின தண்ணீரில்தான். சரசுவிடம் சுடுதண்ணியில் கரை என்று சொல்லி அனுப்பியதும் நான்தான். அவள் வீட்டிலும் அப்படித்தான் கரைத்திருப்பாள். நிறுத்தாமல் கொடு என்றும் சொன்னேன். நோயை மருந்தோடு சேர்த்துக் கரண்டி கரண்டியாகக் கொடுத்திருக்கிறோம்.

4. குழாயில் கட்டின டியூப்

கிருமி எங்கிருந்து வந்தது என்று பார்க்க, குழாய் போகிற வழியே மேலே ஏறினோம். ஊற்றுத் தண்ணீர் மேலே ஒரு தொட்டிக்கு வந்து, அங்கிருந்து குழாய் வழியாக லயத்துக் குழாயடிகளுக்கும் காம்பராவுக்கும் இறங்கும். மேல் லயத்துக் கக்கூசுகளுக்குக் கீழே ஒரு சாக்கடைக் கான் ஓடுகிறது. எங்கள் குழாய் அந்தக் கானைக் கடக்கிற இடத்தில் வெடித்திருந்தது. வெடிப்பைச் சுற்றிச் சைக்கிள் டியூப் ரப்பர் கட்டியிருந்தது. மழையில் கக்கூஸ் குழி நிரம்பி, அந்தத் தண்ணீர் கானில் வழிந்துகொண்டிருந்தது.

"நான் கட்டினதுதான் சேர். ஒரு சொட்டு ஒழுகாது. இறுக்கிக் கட்டினது," என்றான் லிங்கம்.

"லிங்கம், வெளிய போகாம கட்டியிருக்கே. உள்ள வராம யாரு கட்டுறது?"

லிங்கத்துக்கு அது விளங்கவில்லை. எனக்கும்தான். பி.எச்.ஐ. குந்தி உட்கார்ந்து விளக்கினார். குழாய் நிறையத் தண்ணீர் ஓடும்போது வெடிப்பு வழியாகத் தண்ணீர் வெளியே கசியும். தொட்டி காலியாகித் தண்ணீர் நின்றால், இறங்கிப் போகிற தண்ணீர் பின்னால் இழுக்கும். வெளியே நிற்கிற அழுக்குத் தண்ணீரை அதே வெடிப்பு உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி தண்ணீர் விட்டதும் அது நேராக வாளிக்கு வந்து சேரும். கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருக்கும். மணமும் தெரியாது. மூன்று தரம் முகர்ந்து பார்க்கிறவளுக்கும் பிடிபடாது.

அவர் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்து அனுப்பினார். மலக்கிருமி இருக்கிறதென்று பிறகு முடிவு வந்தது. அதற்குக் காத்திராமல் அன்றைக்கே குழாயை மாற்றவும், கானைத் திருப்பவும், தொட்டிக்குக் குளோரின் போடவும் சொல்லிவிட்டார். லிங்கம் சாயந்தரம் வரைக்கும் மழையில் நனைந்துகொண்டு புதுக் குழாய் போட்டான்.

குழாய் மட்டுமே குற்றவாளி இல்லை. நோயாளியின் துணியைக் கசக்கிய கையோடு சம்பல் பிசைந்தால், அந்தக் கையும் ஒரு வெடித்த குழாய்தான். மூடாத சோற்றில் உட்காருகிற ஈயும் அப்படித்தான். மேல் லயத்தில் பெரியவர்களுக்கு வந்ததில் பாதி அந்த வழியாகத்தான் வந்திருக்கும் என்று பி.எச்.ஐ. சொன்னார். தண்ணீரில் தொடங்குவது கைக்கு ஏறும், கையிலிருந்து சோற்றுக்கு இறங்கும். ஒரு இடத்தில் மட்டும் அடைத்தால் போதாது.

5. பெரட்டுக் களத்தில்

கொதித்தாறிய நீரைப் பருகவும் என்று ஒரு நோட்டீஸ் தருவதாகப் பி.எச்.ஐ. சொன்னார். ஒட்டலாம்தான். எல்லாரும் படிப்பார்கள், நாம் அப்படித்தானே செய்கிறோம் என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் வெளாவுவார்கள். எங்கள் சொல்லில் சொன்னால்தான் எங்களுக்கு ஏறும். அதைச் சொல்ல வேண்டியவள் நான்தான். ஏனென்றால் வெளாவினவள் நான்.

வியாழக்கிழமை காலை பெரட்டுக் களத்துக்குப் போனேன். பிள்ளைகளை இனி என்னிடம் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தேன். தர்ஷிக்கு இன்னும் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை, "ரெண்டே நிமிசம்," என்றார்.

"காம்பராவுலதான் தப்பு நடந்துச்சு," என்றேன். "கொதிதண்ணிய நான் பச்சத் தண்ணி ஊத்தி வெளாவிக் குடுத்தேன். கக்கூஸ் தண்ணி அந்தப் பச்சத் தண்ணியில கலந்திருக்கு. தர்ஷிக்கு ஜீவனியையும் அப்படித்தான் கரைச்சேன்."

ராஜம்மா முன்னால் வந்தாள்.

"அப்ப நான் அன்னிக்கிச் சொன்னது சரிதானே?"

"சரிதான் ராஜம்மா. ஒன்னு கேக்கிறேன். இன்னிக்கிக் காலைல மாமியாருக்குச் சுடுதண்ணி குடுத்தியா?"

"குடுக்காம?"

"கொதிக்கக் கொதிக்கவா குடுத்தே?"

"கொதிக்கக் கொதிக்கக் குடுத்தா கெழவி என்னைய வெட்டிப் போட்டுரும். வெளாவித்தான்..."

அவள் வாயும் அதே இடத்தில் நின்றது. பின்னால் நின்றவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். இன்னொருத்தி, "அய்யோ, நானுந்தானே!" என்று தலையில் கை வைத்தாள். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இந்தக் குளிருல பச்சையாவும் குடிக்கக் கூடாது, வெளாவவும் கூடாதுன்னா நாக்க வேக வச்சுக்கிறதாக்கா?"

"வெளாவுங்க. யாரு வேணாங்கிறா? கொதிச்சு ஆறின தண்ணியால வெளாவுங்க. முந்தின நாள் சாயந்தரமே ஒரு பானை கொதிக்க வச்சு மூடி வச்சிருங்க. மறுநாள் கொதிக்கிறதுல அதை ஊத்துங்க. ரெண்டும் கொதிச்சதா இருக்கணும். அவ்வளவுதான்."

"மூடி வச்சதுல ஜக்க விட்டு மொண்டா?"

கேட்டது ராஜம்மா. அந்தக் கேள்வியைக் கேட்டதும், இவளுக்கு நன்றாக ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். "மொள்ளக் கூடாது ராஜம்மா. சாய்ச்சு ஊத்து. மொண்டா கை படும்." கணக்கப்பிள்ளை மணியைப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம் பத்து நிமிடமாகிவிட்டது. கடைசியில் அவரே, "சோத்துப் பார்சலோட கொண்டு வர்ற தண்ணிப் போத்தலும் அப்படித்தானா பிலோமினா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அடுத்த வாரத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் புதிதாக யாருக்கும் வரவில்லை.

6. சரசு

தர்ஷியோடு சரசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள் வீட்டிலேயே இருந்தாள். பெரட்டில் நான் பேசியதை மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். நானும் இரண்டு தரம் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தேன். பிள்ளையைக் காட்டினாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காம்பரா வாசலில் நின்றாள். நான் கை நீட்டினேன். தரவில்லை.

"தண்ணி எங்கக்கா இருக்கு?"

அடுப்படிக்குள் தாய்மாரை விடுவது என் வழக்கமில்லை. ஒதுங்கி வழி விட்டேன். சரசு உள்ளே போனாள். சொல்லாமலே சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். இரண்டு பானைகளின் மூடியையும் திறந்து பார்த்தாள். எது நேற்றையது, எது இன்றையது என்று கேட்டாள். இரண்டையும் சாய்த்து ஒரு கோப்பையில் கலந்து, தான் முழுசாகக் குடித்தாள். குடித்துவிட்டுச் சும்மா நின்றாள். வயிறு அப்போதே பதில் சொல்லிவிடும் என்பது போல நின்றாள். பிறகு தர்ஷிக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள்.

"நாளைக்கும் வந்து பாப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"வா. தெனமும் வா."

பிள்ளையை இறக்கிவிட்டுப் பெரட்டுக்கு ஓடினாள்.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களிடம் வகுப்பும் இருக்கிறது, சான்றிதழும் இருக்கிறது. அது நல்லது. ஆனால் வருடத்துக்கு ஒரு தரமாவது, நீங்கள் தினமும் செய்கிறதை, உங்கள் வழக்கம் தெரியாத ஒருவருக்கு முன்னால் செய்துகொண்டே விளக்கிச் சொல்லுங்கள். எந்த இடத்தில் வாய் நிற்கிறதோ அந்த இடத்தைப் பாருங்கள். நான் இருபத்தாறு வருடம் பால்மாவுக்குப் பயந்தேன், ஈக்குப் பயந்தேன், அடுப்புக்குப் பயந்தேன். என் இடது கைக்குப் பயப்படவில்லை.

சரசு பதினொரு நாள் அடுப்படிக்குள் வந்து குடித்துப் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் மழை. பிந்திவிட்டாள். வாசலிலேயே தர்ஷியை என் கையில் போட்டுவிட்டு, "பாத்துக்கங்கக்கா," என்று சொல்லி ஓடிவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு பானைகளையும் திறந்து பார்த்து, ஒரு கோப்பை கலந்து, நானே முழுசாகக் குடித்துவிட்டுத்தான் பிள்ளைக்கு ஊற்றினேன்.